ரீபூட்டுக்குப் பிறகு ஆடிட் லாக் ஏன் ஊமையாகிறது?

"நேத்து ராத்திரி சர்வரை ரீபூட் பண்ணோம். அதுலேருந்து ஆடிட் லாக் வரலை."

ஆடிட் லாக் என்பது மெஷினில் யார் எதைத் தொட்டார்கள் என்று பதியும் கணக்கு. சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் மேலே உள்ள வரியை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள், அல்லது சொல்லியிருப்பார்கள். கேட்டவுடன் ஆளுக்கொரு வைத்தியம் வரும். பேக்கேஜை எடுத்துவிட்டுத் திரும்பப் போடு என்பார் ஒருவர். இன்னொரு ரீபூட் கொடுத்துப் பார் என்பார் அடுத்தவர். லினக்ஸின் பாதுகாப்புக் காவலான செலினக்ஸை அணைத்துவிடு என்று மூன்றாவது ஆள் சொல்லாமல் அந்த உரையாடல் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

சிக்கல் அந்த வரியிலேயே இருக்கிறது. "லாக் வரலை" என்ற இரண்டு சொற்களுக்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அதோடு, ரீபூட் அபூர்வமாகத்தான் எதையாவது கெடுக்கிறது. பெரும்பாலும் வாரக்கணக்காக எங்கும் எழுதி வைக்காமல் நினைவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அது அழித்துவிடுகிறது. பழி மட்டும் ரீபூட்டுக்கு.

இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப எரிச்சலோடு முடிவதில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வாரம் காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள். லினக்ஸில் இது எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது வழக்கமான எழுத்துகள்தான்.

மொய் மேசை

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் மேசை பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கவரை வாங்கிப் பிரித்து, "உசிலம்பட்டி ராமசாமி, ஐநூத்தி ஒண்ணு" என்று குரல் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார். இவர்களுக்குப் பின்னால், கண்ணில் படாமல், மூன்றாவது ஒன்று இருக்கிறது: வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. "தாய்மாமன் சீரைத் தனியா எழுதுங்க. பாத்திரம் பண்டம் கொடுத்தா அதையும் குறிச்சுக்குங்க. குழந்தைங்க கையில கொடுக்கிற பத்து ரூபாயை எல்லாம் எழுத வேண்டாம்."

குரல் கொடுப்பவர், எழுதுபவர், ஏற்பாடு. மூன்றில் எது இல்லாவிட்டாலும் மறுநாள் நோட்டைப் புரட்டும்போது பக்கம் காலியாக இருக்கும். ஆனால் காலியான காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. எழுதுபவர் சாப்பிடப் போய்விட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். ஏற்பாடு சொல்லப்படவே இல்லை என்றால் எழுதுபவரைத் திட்டிப் பயனில்லை.

சாதாரண லாக்குக்கும் ஆடிட் லாக்குக்கும் உள்ள வித்தியாசமும் இந்த மண்டபத்திலேயே கிடைக்கிறது. சமையல்காரர் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்கிறார், பந்தல்காரர் தன்னுடையதை. அவர்கள் எழுதியதை நம்ப வேண்டும், எழுதாமல் விட்டால் தெரியாது. சாதாரண லாக்குகள் அப்படிப்பட்டவை. ஒவ்வொரு மென்பொருளும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. ஆடிட் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறது. கடந்து போகிறவருக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று கேட்பதில்லை.

மேசையிலிருந்து மெஷினுக்கு

குரல் கொடுப்பவர் இடத்தில் இருப்பது கெர்னல். லினக்ஸின் நடுக்கரு, எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு ஃபைலைத் திறக்க, ஒரு புரோகிராமை ஓட்ட, இதனிடம்தான் கேட்டாக வேண்டும். எல்லாம் இதன் வழியாகப் போவதால் எல்லாம் இதற்குத் தெரியும்.

எழுதுபவர் இடத்தில் இருப்பது ஆடிட்-டி. பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'டி' டீமனைக் குறிக்கிறது. டீமன் என்றால் திரையில் தலைகாட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம். கெர்னல் சொல்லும் சேதியை வாங்கி, /வார்/லாக்/ஆடிட் ஃபோல்டரில் உள்ள ஆடிட்.லாக் என்ற ஃபைலில் எழுதுவது மட்டுமே இதன் வேலை. எதைப் பார்க்க வேண்டும் என்று இது முடிவு செய்வதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பாதி நேரம் வீணாகிறது.

ஏற்பாட்டுக்குப் பெயர் விதி. "பயனர் கணக்குகள் இருக்கும் பாஸ்வேர்டு ஃபைலை யாராவது மாற்றினால் சொல்", "யாராவது மெஷினின் கடிகாரத்தைத் திருத்தினால் சொல்" என்பதுபோல ஒவ்வொன்றும் ஒரு வரி. இந்த வரிகள் போய்ச் சேரும் இடம் கெர்னலின் மெமரி. கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டளை ஆடிட்-சிடிஎல்.

இன்னும் ஒன்று பாக்கி. கவர்கள் மளமளவென்று வந்தால் மேசைமேல் குவியும் அல்லவா, அந்தக் குவியலுக்கு பேக்லாக் என்று பெயர். கெர்னல் சொல்லிவிட்டது, டீமன் இன்னும் எழுதவில்லை. குவியலுக்கு ஓர் எல்லை உண்டு. தாண்டினால் சேதிகள் தொலையும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: கெர்னல் பார்க்கிறது, விதி எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது, டீமன் எழுதுகிறது. மூன்றும் தனித்தனி, ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் உயிரோடு இருப்பதுபோலவே தெரியும்.

ரீபூட்டில் எது போகிறது, எது வருகிறது

மெஷின் அணைந்தவுடன் மெமரி காலி. அதில் இருந்த விதிகளும் காலி. பிறகு எல்லாம் ஒரு வரிசையில் திரும்பி வர வேண்டும். முதலில் கிரப் என்ற பூட்லோடர் கெர்னலை எழுப்புகிறது. எழுப்பும்போதே ஒரு வரி குறிப்பையும் கையில் கொடுத்து அனுப்புகிறது. அப்புறம் சிஸ்டம்-டி வருகிறது. எந்தச் சேவையை எப்போது தொடங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அதுதான். மேஸ்திரி ஆடிட்-டியை எழுப்புகிறார். அதையொட்டி டிஸ்கில் எழுதி வைத்த விதிகள் படிக்கப்பட்டு கெர்னலுக்குள் ஏற்றப்படுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது: ஆடிட்-டி மிகச் சீக்கிரம் எழுப்பப்படுகிறது. மெஷினுக்குள்ளேயே இருக்கும் டிஸ்குகள் இணைந்தவுடன், மற்ற பெரும்பாலான சேவைகளுக்கு முன்பாக. நெட்வொர்க் அந்த நேரத்தில் இன்னும் கண் விழித்திருக்காது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது வேலைக்கு வரும்.

வைத்தியத்துக்கு முன் நாடி பிடிப்பது

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கட்டளைகள். முதலாவது 'ஆடிட்-சிடிஎல் -எஸ்'. இது நிலவரம் சொல்லும். 'எனேபிள்டு' என்ற வரியில் 0 இருந்தால் கெர்னலின் ஆடிட் அணைந்திருக்கிறது, 1 என்றால் இயங்குகிறது, 2 என்றால் இயங்குவதோடு பூட்டப்பட்டும் இருக்கிறது. 'பிட்' என்ற வரியில் டீமனின் எண் இருக்கும்; அங்கே 0 இருந்தால் எழுதுபவர் நாற்காலி காலி. 'லாஸ்ட்' என்பது தொலைந்த சேதிகளின் எண்ணிக்கை.

இரண்டாவது 'ஆடிட்-சிடிஎல் -எல்'. கெர்னல் இப்போது கையில் வைத்திருக்கும் விதிகளை மட்டும் காட்டும். டிஸ்கில் உள்ள ஃபைலை இது பார்ப்பதே இல்லை. 'நோ ரூல்ஸ்' என்று வந்தால், டீமன் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டிய வரிகள் லாக்கில் வராது.

இந்த இரண்டையும் பார்த்தாலே மூவரில் யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். சேவையின் நிலையைப் பார்த்துப் பச்சைப் புள்ளி தெரிகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பச்சைப் புள்ளி எழுதுபவர் நாற்காலியில் இருக்கிறார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

நாற்காலி காலி: எழுதுபவர் வரவில்லை

எளிய காரணம், சேவையை 'ஸ்டார்ட்' செய்துவிட்டு 'எனேபிள்' செய்ய மறந்தது. ஸ்டார்ட் என்பது இன்றைக்கு வேலைக்கு வா என்பது. எனேபிள் என்பது தினமும் வா என்பது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று கிரப் கொடுத்தனுப்பும் அந்த ஒரு வரிக் குறிப்பு. அதில் 'ஆடிட்=0' என்று இருந்தால் கெர்னல் ஆடிட்டை அடியோடு அணைத்துவிடும். வேகத்துக்காக என்றோ ஒருவர் சேர்த்திருப்பார், அல்லது நகலெடுத்த டெம்ப்ளேட்டில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். இந்த நிலையில் சிஸ்டம்-டி ஆடிட்-டியை எழுப்ப முயற்சியே செய்யாது. நிபந்தனை பொருந்தவில்லை என்று தாண்டிப் போய்விடும். அதனால் சிவப்புப் புள்ளிகூடத் தெரியாது. 'தோல்வி' என்று தேடுகிறவர் கண்ணில் படாமல், வெறுமனே செயலற்று இருப்பதாகக் காட்டும். 'ஆடிட்-சிடிஎல் -எஸ்' கொடுத்தால் பிழை சொல்லித் திரும்பும். /ப்ராக்/சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்போது கெர்னல் தன் செய்தியில் 'டிஸேபிள்டு, அன்டில் ரீபூட்' என்று எழுதி வைக்கும். அடுத்த ரீபூட் வரைதான் அணைத்திருக்கிறேன் என்று பொருள். அடுத்த ரீபூட்டிலும் அதே குறிப்பு வரும், அதே வாக்குறுதியும் வரும்.

டீமன் எழும்ப மறுப்பதும் உண்டு. தன் அமைப்பு ஃபைலும் லாக் ஃபைலும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்குச் சொந்தமாக இருக்கின்றனவா, கண்டவர்கள் எழுத முடியாதபடி இருக்கின்றனவா என்று அது பார்க்கும். இல்லையென்றால் வேலை செய்யாது, வெளியேறிவிடும். பேக்கப்பிலிருந்து ஃபோல்டரை மீட்டபோது உரிமை மாறியிருக்கலாம். லாக் ஃபோல்டரே இல்லாமல் போவதும் நடக்கிறது: எஸ்டி கார்டு தேய்மானத்தைக் குறைக்க /வார்/லாக் முழுவதையும் மெமரியில் வைத்திருக்கும் சிறு மெஷின்களில், ரீபூட் ஆனவுடன் ஆடிட் என்ற உள்ஃபோல்டர் காணாமல் போகும். செலினக்ஸ் உள்ள மெஷினில் புது டிஸ்கை அந்த இடத்தில் இணைத்திருந்தால் ஃபோல்டரின் முத்திரை தப்பாக இருக்கும். 'ரீஸ்டோர்-கான்' கட்டளையால் முத்திரையைச் சரிசெய்தால் போதும். செலினக்ஸை அணைக்கச் சொன்ன மூன்றாவது நண்பர் நோயாளிக்குப் பதிலாக டாக்டரை வெளியே அனுப்பச் சொல்கிறார்.

ஏற்பாடு இல்லை: விதிகள் வரவில்லை

நான் பார்த்தவரை பெரும்பாலான கேஸ்கள் இந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாக.

ஆடிட்-சிடிஎல் கொண்டு நேரடியாகச் சேர்த்த விதி வாய்ச்சொல் மாதிரி. வீட்டுக்காரர் காதில் சொல்லிவிட்டுப் போனார்; அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் உட்கார்ந்தால் அவருக்கு அது தெரியாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் /எட்ஸி/ஆடிட்/ரூல்ஸ்.டி என்ற ஃபோல்டரில், 'ரூல்ஸ்' என்று முடியும் பெயருள்ள ஃபைலில் எழுதி வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே /எட்ஸி/ஆடிட் ஃபோல்டரில் ஆடிட்.ரூல்ஸ் என்று ஒரு ஃபைலும் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் இதில்தான் எழுத வேண்டும் என்று தோன்றும், பழைய வழிகாட்டிகளும் அப்படித்தான் சொல்லும். ஆனால் ஆஜென்-ரூல்ஸ் என்ற ஒரு சிறு கருவி, பூட் ஆகும்போது ரூல்ஸ்.டி ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் வரிசையாக ஒட்டி, இந்த ஆடிட்.ரூல்ஸ் ஃபைலைப் புதிதாக எழுதிவிடும். நீங்கள் கையால் எழுதியது அதன் அடியில் போய்விடும். சமைத்து வைத்த சாம்பாரில் உப்புப் போட்டு வருகிறீர்கள். அவர்கள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைக்கிறார்கள்.

சரியான ஃபோல்டரில் எழுதியும் வராமல் போகலாம். விதிகள் மேலிருந்து கீழாக ஏற்றப்படும்போது ஒரு வரியில் பிழை வந்தால், வேறுவிதமாகச் சொல்லாத வரை ஏற்றுவது அங்கேயே நின்றுவிடும். 60 விதிகளில் 27ஆவது தப்பாக இருந்தால் 26 மட்டுமே உள்ளே போயிருக்கும். ஒரே விதியை இரண்டு ஃபைலில் எழுதியிருப்பதுகூட 'ஏற்கனவே இருக்கிறது' என்ற பிழைதான். இதில் கொடுமை, லினக்ஸின் பல விநியோகங்களில் (ஃபெடோரா, ரெட் ஹாட் போன்ற தொகுப்புகளில்) விதி ஏற்றுவது தோற்றாலும் டீமன் பச்சையாகவே இருக்கும். சிஸ்டம்-டியின் பதிவேடான ஜர்னலில் மட்டும் எத்தனையாவது வரி என்று ஒரு குறிப்பு கிடைக்கும். அந்த வரி எண், ஒட்டி உருவாக்கிய ஃபைலின் வரி எண். உங்கள் ஃபைலில் 27ஆவது வரியைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

"ஆனா கையால ஏத்தினா எல்லாம் வருதே, பூட் ஆகும்போது மட்டும் ஏன் வரலை?" என்பது அடுத்த புலம்பல். முன்னால் சொன்ன வரிசை இங்கே உதவுகிறது. விதியில் ஒரு பயனரின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் மெஷினில் இல்லை, நெட்வொர்க்கில் பயனர் பட்டியலை வைத்திருக்கும் எல்டாப் சர்வரில் இருக்கிறது. நீங்கள் காலை பத்து மணிக்கு ஏற்றும்போது நெட்வொர்க் இருக்கிறது, பெயர் எண்ணாக மாறுகிறது, விதி ஏறுகிறது. பூட் ஆகும்போது நெட்வொர்க் வருவதற்கு முன்பே ஏற்றப்படுவதால் "யார் இவர்?" என்று கேட்டு நின்றுவிடும். பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. நெட்வொர்க் டிஸ்கில் உள்ள ஃபோல்டரைக் கண்காணிக்கும் விதிக்கும் இதே கதிதான்.

ஃபெடோரா பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் இயல்பாக வரும் விதி ஃபைலில் 'டாஸ்க், நெவர்' என்று ஒரு வரி உண்டு. இனிப் பிறக்கும் எந்தப் புரோகிராமையும் இந்த வகையில் கண்காணிக்காதே என்பது அதன் பொருள். மெமரியில் உள்ள விதிகளை எல்லாம் அழித்துவிட்டு உங்கள் விதியைச் சேர்த்துச் சோதித்தபோது நன்றாக இருந்திருக்கும். ரீபூட்டில் டிஸ்கிலிருந்து அந்த வரி திரும்பி வந்துவிடும். அதை நீக்கினாலும், அது இருந்தபோது பிறந்த புரோகிராம்கள் கண்காணிப்புக்கு வெளியேதான் இருக்கும். அவற்றை மறுபடி தொடங்க வேண்டும்.

சுருக்கமாக, கட்டளையால் சேர்த்தது அணைத்தால் போகும், ரூல்ஸ்.டி ஃபோல்டரில் எழுதியது நிலைக்கும், நடுவில் ஒரு பிழை இருந்தால் அதற்குக் கீழே உள்ளவை ஏறாது.

-இ 2 என்ற பூட்டு

விதிகளின் கடைசியில் '-இ 2' என்று ஒரு வரி போடும் வழக்கம் பாதுகாப்பு வழிகாட்டிகளில் உண்டு. இனி ரீபூட் வரை யாரும், ரூட்டே ஆனாலும், விதியைத் தொடக்கூடாது என்று கெர்னலைப் பூட்டுவது இது. உள்ளே புகுந்த திருடன் முதலில் கேமராவை அணைப்பான் என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு.

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "பூட்டிவிட்டேனே, இனி விதி போகாது" என்று நினைக்கிறார்கள். பூட்டும் மெமரியில்தான் தொங்குகிறது. அணைத்தால் பூட்டும் போகும், அறையில் இருந்த சாமானும் போகும். பூட்டு மாறாமல் காக்கும்; சேமித்து வைக்காது.

பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்

விதிகள் இருக்கின்றன, டீமன் இருக்கிறது, பச்சைப் புள்ளி இருக்கிறது, ஆனால் ஃபைல் மட்டும் வளரவில்லை. டிஸ்கைப் பாருங்கள்.

ஆடிட்-டி டிஸ்கில் மீதி எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பில் 75 மெகாபைட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை எழுதும். 50 மெகாபைட்டுக்குக் கீழே போனால் சஸ்பெண்ட் நிலைக்குப் போகும்: ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்கில் எழுதாது. நோட்டு தீர்ந்துவிட்டது, எழுதுபவர் பேனாவை மூடிவிட்டு எதிரில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆடிட்-டி தன் லாக்கால் டிஸ்கை நிரப்புவது குறைவு. வழக்கமான அமைப்பில் ஒரு ஃபைல் 8 மெகாபைட், மொத்தம் 5 ஃபைல், அதாவது 40 மெகாபைட்; அதற்கு மேல் பழையதை அழித்துக்கொள்ளும். நிரப்புவது பக்கத்து வீட்டுக்காரர். மெஷின் கெர்னல் கோளாறால் விழுந்து ரீபூட் ஆனது என்று வைத்துக்கொள்வோம். விழுந்த நேரத்து மெமரியின் நகல், கேடம்ப் என்ற ஏற்பாடு இருந்தால், /வார்/கிராஷ் ஃபோல்டரில் போய் உட்காரும். பெரிய மெமரி உள்ள மெஷினில் அது ஜிகாபைட் கணக்கில் இருக்கும். /வார் நிரம்பும், எழுந்து வந்த ஆடிட்-டி இடமில்லை என்று கையைக் கட்டிக்கொள்ளும். ரீபூட்டும் லாக் நின்றதும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று தோன்றும். இரண்டுக்கும் காரணம் அந்த விபத்து. ஆடிட் லாக்குக்குத் தனிப் பார்ட்டிஷன் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இடத்தைக் காலி செய்தபின் 'சர்வீஸ் ஆடிட்-டி ரெஸ்யூம்' கொடுக்க வேண்டும். ரெட் ஹாட் வழி வந்த விநியோகங்களில் சிஸ்டம்-டிக்குக் கட்டளையிடும் சிஸ்டம்-சிடிஎல் வழியாக ஆடிட்-டியை நிறுத்தவோ ரீஸ்டார்ட் செய்யவோ முயன்றால் முடியாது என்று மறுத்துவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிஸ்டம்-சிடிஎல் வழியாகச் சொன்னால் மேஸ்திரிதான் நிறுத்தினார் என்று பதிவாகும். சொன்ன ஆள் யார் என்பது தொலைந்துபோகும். பழைய 'சர்வீஸ்' கட்டளை வழியாகப் போனால் ஆளின் அடையாளம் நோட்டில் ஏறும். லாக்கை நிறுத்தியவர் யார் என்பதும் லாக்கில் இருக்க வேண்டும் அல்லவா.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை

ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் எனக்கு அரை நாள் தின்ற கேஸ் இது. கணக்கு மென்பொருள் ஒன்று சில ஃபைல்களை மாற்றும். அதை ஆடிட் பிடித்துக்கொண்டிருந்தது. ரீபூட் ஆனது. விதி அப்படியே இருக்கிறது, எனேபிள்டு 1, டீமன் இருக்கிறது, டிஸ்கில் இடம் தாராளம். மென்பொருள் ஃபைலை மாற்றுவதைக் கண்ணால் பார்க்கிறேன். லாக்கில் ஒரு வரி இல்லை.

காரணம் ஆயிட் என்று அழைக்கப்படும் லாகின் எண். நீங்கள் உள்ளே நுழையும்போது கெர்னல் உங்கள்மேல் ஒரு முத்திரை குத்துகிறது. அப்புறம் நீங்கள் சூடோ போட்டு ரூட்டாக மாறினாலும் முத்திரை மாறாது; நீங்கள் தொடங்கும் புரோகிராம்களுக்கும் அது பரம்பரையாகப் போகும். பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும் சேவைகளுக்கு உள்ளே நுழைந்தவர் என்று யாருமில்லை. அவற்றின் முத்திரை 4294967295 என்ற எண், 'யாருமில்லை' என்பதன் குறியீடு.

பரவலாக நகலெடுக்கப்படும் விதிகளில் ஒரு நிபந்தனை இருக்கும்: ஆயிட் 1000 அல்லது அதற்கு மேல், யாருமில்லை என்பதாக இருக்கக்கூடாது. அதாவது மனிதர்கள் செய்வதை மட்டும் எழுது. ரீபூட்டுக்கு முன் அந்த மென்பொருளை நிர்வாகி ஒருவர் லாகின் ஆகி, ஸ்கிரிப்டை ஓட்டிக் கையால் தொடங்கியிருந்தார். அதனால் அதன்மேல் அவர் முத்திரை, விதி பொருந்தியது. ரீபூட்டுக்குப் பின் சிஸ்டம்-டி தொடங்கியது. முத்திரை இல்லை, விதி பொருந்தவில்லை. "பத்திரிகையோடு வந்தவர்கள் மொய்யை மட்டும் எழுது" என்று சொல்லியிருந்தால், மண்டபத்திலேயே வேலை செய்கிறவர் கொடுக்கும் கவர் கணக்கில் வராதது மாதிரி.

எதுவும் கெடவில்லை. விதி முதல் நாளிலிருந்தே தப்பு. தற்செயலாக வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஒரு ஃபோல்டருக்கு ஆயிட் நிபந்தனை இல்லாத விதி ஒன்று எழுதியதும் வரிகள் கொட்டின.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நுணுக்கம். ஆடிட்-டி எழுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட புரோகிராம்கள் சில, கண்காணிப்புக்கு உரியவை என்று குறிக்கப்படாமலேயே போகலாம். கிரப்பின் குறிப்பு வரியில் 'ஆடிட்=1' சேர்ப்பது அதற்காக. அங்கேயே பேக்லாக் எல்லையையும் 8192 என்று கூட்டி வைப்பார்கள். கெர்னலின் இயல்பு எல்லை 64தான், பூட் நெரிசலில் அது சீக்கிரம் நிரம்பும். /எட்ஸி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் எழுதியதோடு நிறுத்திவிடாமல், கிரப்பின் அமைப்பை மறுபடி உருவாக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும்.

லாக் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் இடத்தில் இல்லை

டீமன் இல்லாத நேரத்தில் கெர்னல் வாயை மூடிக்கொள்வதில்லை. ஆடிட் இயங்கும் நிலையில் இருந்தால் சேதிகளைத் தன் சொந்தச் செய்திகளோடு கலந்து வெளியிடும். ஆடிட்.லாக் காலியாக இருந்தாலும் 'டிமெசேஜ்' கட்டளையிலோ ஜர்னலிலோ கொஞ்சமாவது கிடைக்கலாம். காலி நேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் முதலில் அங்கே தேடுங்கள்.

/வார்/லாக்/ஆடிட் தனி டிஸ்காக இருந்து, பூட் ஆகும்போது அது இணையாமல் போனால், டீமன் அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டரில் எழுதத் தொடங்கலாம். பழைய லாக் எல்லாம் மாயமானது போல இருக்கும். யாராவது டிஸ்கை இணைத்தவுடன் பழையது திரும்பி வரும், புதியது மறையும்.

கடிகார பேட்டரி இல்லாத சிறு போர்டுகளில் பூட் ஆகும்போது மணி பின்னால் இருக்கும். நெட்வொர்க் வந்து மணி திருந்தும்வரை எழுதியதெல்லாம் பழைய தேதியில் இருக்கும். 'இன்று' என்று தேடினால் அகப்படாது. தேடும் கருவியான ஏயு-சர்ச்சில் ஒரு பதிவின் வகையைக் கொண்டும் தேடலாம். 'டீமன் ஸ்டார்ட்', 'டீமன் எண்ட்' என்ற வகைகளைக் கேட்டால் எழுதுபவர் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று வரிசையாகச் சொல்லும். எண்ட் இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட் வந்தால், நடுவில் மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை.

நான் செய்து பார்க்கும் சோதனை

விதியில் கை வைத்த ஒவ்வொரு முறையும், நாமாக ஒரு நேரம் குறித்து ரீபூட் செய்துவிடுவது நல்லது. நள்ளிரவில் மின்சாரம் போய்த் தானாக நடக்கும் ரீபூட்டில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

ரீபூட்டுக்கு முன் 'ஆடிட்-சிடிஎல் -எல்' கொடுத்து வரும் வரிகளை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்வேன். எழுந்து வந்தபின் அதையே இன்னொரு ஃபைலில் எடுத்து, இரண்டையும் 'டிஃப்' போட்டுப் பார்ப்பேன். ஒரு வரி குறைந்தாலும் காட்டிவிடும். அப்புறம் கண்காணிப்பில் உள்ள ஒரு ஃபைலை வேண்டுமென்றே தொட்டுவிட்டு, விதிக்கு வைத்த அடையாளச் சொல்லைக் கொடுத்து ஏயு-சர்ச்சில் தேடுவேன். ஒரு முறை லாகின் ஆன கணக்கிலிருந்து தொடுவேன். இன்னொரு முறை சிஸ்டம்-டி தொடங்கிய சேவையின் வழியாக. அந்த இரண்டாவது தொடுதலை அரை நாள் தின்ற அந்தக் கேஸுக்குப் பிறகுதான் சேர்த்தேன்.